இருபத்தொன்பதாவது வரி

அந்தத் துணைமின் நிலையத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. அவரைவிட ஒரு வயது மூத்த மேலதிகாரியே, "அக்கா, ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றுதான் கூப்பிடுவார். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பதவியின் பெயர் முதுநிலை இயக்கப் பொறியாளர். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது தேடி வந்தால் வாசல் காவலர், "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்.

அக்காவின் வேலை தாள் எழுதுவது. தாள் என்றால் இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். மின் நிலையத்தில் ஒரு கருவியில் யாராவது கை வைத்துப் பழுதுபார்க்க வேண்டுமென்றால், அந்தக் கருவிக்கு எந்தப் பக்கத்திலிருந்தும் மின்சாரம் வரக்கூடாது. அதே சமயம் ஊரும் இருட்டில் கிடக்கக்கூடாது. எந்த சுவிட்சை முதலில் திறப்பது, எதை அடுத்து மூடுவது, எங்கே பூட்டுப் போடுவது, எந்த இடத்தில் எர்த் கம்பியை மாட்டி மிச்சம் மீதியையும் தரைக்கு அனுப்புவது என்று ஒன்று, இரண்டு, மூன்று என வரிசையாக எழுதித் தர வேண்டும். சில வேலைக்குப் பத்து வரி. சில வேலைக்கு ஐம்பது வரி. ஒவ்வொரு வரியும் தனக்கு முன்னால் உள்ள அத்தனை வரிகளையும் நம்பி நிற்கும். பன்னிரண்டாவது வரியில் ஒரு சுவிட்சைத் திறந்தால் முப்பதாவது வரியில் எந்தக் கம்பியில் உயிர் இருக்கும், எதில் இருக்காது என்பதே மாறிப்போகும். அத்தனையையும் ஒரே நேரத்தில் மனதில் பிடித்துக்கொண்டுதான் எழுத வேண்டும். தப்பு வந்தால் அடித்துவிட்டுத் திருப்பி எழுதலாம், ஆனால் அதற்குள் ஓர் ஆள் போயிருப்பார்.

இருபத்தாறு வருடமாக அக்காவின் தாளில் யாரும் ஒரு தப்பைக் கண்டதில்லை. கருவிகளும் கம்பிகளும் நிற்கிற திறந்தவெளிக்கு யார்டு என்று பெயர். அங்கே வேலை பார்ப்பவர்கள் காலையில் வந்ததும், "இன்னைக்கு யாரு பேப்பர்?" என்று கேட்பார்கள். "அக்கா பேப்பர்" என்று பதில் வந்தால் டீயை நிதானமாகக் குடிப்பார்கள்.

விதிப்படி, ஒருவர் எழுதிய தாளை இன்னொரு பொறியாளர் வரைபடத்தை விரித்து வைத்து வரிவரியாகச் சரிபார்த்து, இரண்டாவது கையெழுத்துப் போட வேண்டும். அதற்கென்று ஒருவர் இருந்தார். நாற்பத்து நான்கு வயது. இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பா. கெட்டிக்காரர்தான். ஆனால் அக்கா எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பார். மழை வரும்போல இருக்கிறது என்றாலும் சரிக்கா, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாய் என்றாலும் சரிக்கா. போகப் போக அவர் பெயரே சரிக்கா ஆகிவிட்டது. அக்கா தாளை நீட்டினால் பேனா மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றி, கையெழுத்துப் போட்டு, சூடு ஆறுவதற்குள் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

"படிச்சுப் பாருப்பா" என்று அக்கா ஒப்புக்குச் சொல்வார்.

"நீங்க எழுதினதுல நான் படிக்க என்னக்கா இருக்கு?"

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோகும். குளிராதா பின்னே? இருபத்தாறு வருடம் உழைத்துச் சம்பாதித்த பெயர்.

சங்கதி ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. நாற்பது நிமிடத்தில் முடிகிற தாளுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. அன்றைக்குத் தலைவலி என்று நினைத்துக்கொண்டார். அடுத்த தாளுக்கு இரண்டு மணி நேரம். தலைவலி இல்லை. இருபதாவது வரிக்கு வரும்போது எட்டாவது வரியில் அந்த சுவிட்சைத் திறந்து வைத்தோமா மூடிவிட்டோமா என்று சந்தேகம் வரும். திரும்பப் போய்ப் பார்ப்பார். பார்த்துவிட்டு வந்தால், எதற்காகப் போனோமோ அந்த யோசனை கலைந்திருக்கும். முன்பெல்லாம் அவருக்கு வரைபடமே வேண்டாம். கண்ணை மூடினால் மொத்த யார்டும் தெரியும், எந்தக் கம்பியில் மின்சாரம் ஓடுகிறது என்பது உட்பட. இப்போது வடக்குப் பக்கத்தைப் பிடித்தால் தெற்குப் பக்கம் நழுவியது.

மற்றபடி எந்தக் குறையும் இல்லை. எல்லோருடைய பிள்ளைகளும் எந்த வகுப்பு என்பது அத்துப்படி. எந்தப் பூட்டின் சாவி எந்த ஆணியில் தொங்குகிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். யாராவது வம்புக்கு வந்தால் வாயால் அடித்து அனுப்புவதில் முன்னைவிட இப்போது தேர்ச்சி அதிகம். அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

வீட்டில்கூடச் சொல்லாமல் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தார். டாக்டர் ஒரு மணி நேரம் என்னென்னவோ செய்யச் சொன்னார். எண்களைச் சொல்லி அவற்றைத் தலைகீழாகத் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஓர் எண், ஓர் எழுத்து, மறுபடி ஓர் எண் என்று மாற்றி மாற்றிக் கோடு இழுக்கச் சொன்னார். கடைசியில் காகிதங்களை அடுக்கி வைத்துவிட்டு, "நோய்னு எதுவும் இல்லம்மா" என்றார்.

"அப்ப ஏன் இப்படி ஆகுது?"

"ஏழெட்டு விஷயத்தை ஒரே நேரத்துல தலையில வெச்சுக்கிட்டு யோசிக்கிறது இருக்கே, அது வயசாக ஆகக் குறையும். எல்லாருக்கும்தான். சிலருக்கு முன்னாடி, சிலருக்குப் பின்னாடி. அனுபவம், படிச்சது, பேச்சு, இதெல்லாம் குறையாது. சொல்லப்போனா கூடும். உங்க வயசுக்கு நீங்க நல்லாவே இருக்கீங்க."

"என் வயசுக்கு நல்லா இருந்து என்ன டாக்டர் பிரயோஜனம்? கரண்ட்டுக்கு என் வயசு தெரியுமா?"

டாக்டர் சிரித்தார். நல்லா நடங்க, நல்லா தூங்குங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஏதாவது ஒரு நோயின் பெயரைச் சொல்லியிருந்தால் தேவலை என்று அக்காவுக்குத் தோன்றியது. நோய் என்றால் மருந்து எழுதுவார்கள், விடுப்பு தருவார்கள், நாலு பேர் வந்து பார்த்து ஆறுதல் சொல்வார்கள். சரியாகத்தான் இருக்கிறீர்கள் என்று சொல்லி அனுப்பினால் யாரிடம் போய் அழுவது?

கடைசியில் வீட்டுக்காரரிடம் சொன்னார். அவர் பல் செட் செய்பவர். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊரார் வாயெல்லாம் மாவு அச்சில் பிளந்துகொண்டு வரிசையாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கேட்டார்.

"இதுக்குப் போயி ஏன் மனசைப் போட்டு அலட்டிக்கிற? எனக்கும்தான் ஒரு நாள்ல முடிஞ்ச செட்டு இப்ப ரெண்டு நாள் இழுக்குது. யாரு கேக்குறா?"

"ஏங்க, உங்க செட்டு தப்பாப் போனா ஒருத்தருக்குக் கடிக்க வராது. திருப்பிக் கொண்டுவந்து கத்திட்டுப் போவாரு. என் பேப்பர் தப்பாப் போனா கத்துறதுக்கு ஆளே இருக்காது."

அவர் கையிலிருந்த பல்லைத் தேய்த்துக்கொண்டே, "அப்ப சொல்லிடு" என்றார். யாரிடம், எப்படி என்று அக்கா கேட்கவில்லை. சொல்லவும் இல்லை.

அதற்குப் பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தார். அலுவலக அலமாரியில் அவர் எழுதிய பழைய தாள்கள் அத்தனையும் கட்டுக் கட்டாக இருந்தன. புதிதாக ஒரு வேலை வந்தால், அதே போன்ற பழைய வேலையின் தாளைத் தேடி எடுப்பார். எங்கெங்கே வித்தியாசமோ அங்கெல்லாம் மாற்றுவார். யோசிக்க வேண்டிய பாரம் பாதியாகக் குறைந்தது. அனுபவம் குறையாது என்று டாக்டரே சொல்லியிருக்கிறார் அல்லவா? பழைய மூளை எழுதியதைப் புதிய மூளை காப்பியடிப்பதில் என்ன கேவலம், இரண்டும் என் மூளைதானே என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். நன்றாகவே ஓடியது, போன மாதம் வரை.

போன மாதம் ஒரு வேலை தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது, சும்மா கையில் எடுத்துப் பார்த்த தாளில் பதினான்காவது வரியில் ஒரு பூட்டு விடுபட்டிருப்பதைக் கண்டார். பேனாவை எடுத்துச் சேர்த்தார், பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். வேலை நடந்தது, முடிந்தது, ஒருவருக்கும் தெரியாது. ஆனால் தாளின் அடியில் சரிக்காவின் கையெழுத்து பளிச்சென்று இருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அக்காவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவன் என்னத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டான்? இவன் ஒழுங்காகப் படித்திருந்தால் இது வருமா? தன் மேல் வர வேண்டிய கோபத்தை அலுங்காமல் தூக்கி அவர் தலையில் வைத்துவிட்டார். அப்படி வைத்தபின் நிம்மதியாகக்கூட இருந்தது.

சரிக்காவுக்கு ஒரு பாடம் புகட்டுவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

வாய்ப்பு இந்த வாரம் வந்தது. புதன்கிழமை பெரிய வேலை. வடக்கு லைனின் பிரேக்கரைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டும். பிரேக்கர் என்பது ஓடுகிற மின்சாரத்தை ஒரே நொடியில் துண்டிக்கிற பெரிய சுவிட்ச். பதினோரு பேர் காலை முதல் மாலை வரை அதில் வேலை செய்வார்கள். வடக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனை இருக்கிறது, அதற்கு மின்சாரம் நிற்கக்கூடாது. அதற்காகப் போன வாரமே தெற்குப் பக்கத்திலிருந்து ஒரு தற்காலிகக் கேபிள் இழுத்தாயிற்று. திட்டம் போட்டதே அக்காதான். தாள் நாற்பத்தொரு வரி வந்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் இதே பிரேக்கருக்கு எழுதிய தாள் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு சனிக்கிழமை முழுவதும் உட்கார்ந்து எழுதி முடித்தார்.

திங்கட்கிழமை காலை, இரண்டாவது பக்கத்தை மட்டும் இன்னொரு தரம் அச்செடுத்தார். அதில் பதினேழாவது வரியையும் பதினெட்டாவது வரியையும் இடம் மாற்றினார். முதலில் பிரேக்கர், அப்புறம்தான் ஐசொலேட்டர். இது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித் தருகிற பாடம். ஐசொலேட்டர் என்பது வெறும் கத்தி மாதிரியான சுவிட்ச். மின்சாரம் ஓடும்போது அதைத் திறந்தால் தீப்பிழம்பு ஆளை விழுங்கிவிடும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பவர் யாரும் தவறவிட முடியாத தப்பு. சரியான பக்கத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.

பதினோரு மணிக்குச் சரிக்காவிடம் தாளை நீட்டினார். அவர் பேனா மூடியைக் கடித்தார். போட்டார். கொடுத்தார்.

அக்கா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உக்காரு."

"சரிக்கா."

"கையெழுத்துப் போட்டியே, படிச்சியா?"

சரிக்கா பேனா மூடியை வாயிலிருந்து எடுத்தார். "அக்கா, அது வந்து..."

"இதுல ஒரு தப்பு இருக்கு. நானேதான் வேணும்னு வெச்சேன். நீ படிக்கிறியா இல்லையான்னு பாக்க வெச்சேன். புதன்கிழமை பதினோரு பேரு இதை நம்பிக் கை வைக்கப் போறாங்க. அடியில உன் கையெழுத்து. ஏதாவது ஆச்சுன்னா அவங்க வீட்டுக்குப் போயி என்ன சொல்லுவ? அக்கா எழுதினாங்க, அதனால படிக்கலன்னு சொல்லுவியா?"

சரிக்காவின் முகம் செத்துவிட்டது. அவரும் ஒன்றும் பொறுப்பில்லாத ஆள் இல்லை. மற்ற யார் தாளாக இருந்தாலும் கரைத்துக் குடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்.

"படத்தை எடுத்துக்கிட்டுப் போ. கண்டுபிடிச்சுட்டு வா. அதுவரைக்கும் டீ கிடையாது."

இருபது வருடத்தில் முதல் தடவையாக அவர் சரிக்கா என்று சொல்லவில்லை. தாளையும் வரைபடச் சுருளையும் எடுத்துக்கொண்டு பேசாமல் போனார்.

அக்காவுக்குத் திருப்தியாக இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே திட்டிவிட்டோமோ என்றும் இருந்தது. பத்து நிமிடத்தில் வந்துவிடுவான் என்று எதிர்பார்த்தார். அரை மணி ஆயிற்று, ஒரு மணி ஆயிற்று. பதினேழாவது வரிக்கு வர ஒரு மணி நேரமா, இவ்வளவு மந்தமா இவன் என்று நினைத்தார். வேறு ஆளைத்தான் பார்க்க வேண்டுமோ என்றுகூட யோசித்தார்.

ஒன்றேகால் மணி நேரம் கழித்துச் சரிக்கா கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது, ஆனால் முகம் தெளிந்திருந்தது.

"புடிச்சுட்டேங்க்கா!"

"எது?"

"இருபத்தொன்பது."

சரிக்கா வரைபடத்தை மேசையில் விரித்து, நாலு மூலையிலும் கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்து அழுத்தினார்.

"நான் முதல் வரியிலேர்ந்து படிக்கலக்கா. ஆளுங்க எங்க நிக்கப் போறாங்களோ அங்கிருந்து ஒவ்வொண்ணாப் பின்னாடி வந்தேன். இருபத்தொன்பதுல என்ன இருக்கு? வடக்கு பஸ்பார்ல எர்த் மாட்டவும்னு இருக்கு." பஸ்பார் என்பது யார்டின் குறுக்கே தலைக்கு மேல் ஓடுகிற தடித்த அலுமினியக் குழாய். மின்சாரத்தின் நடுத்தெரு அதுதான். சரிக்கா அதன் மேல் விரலை வைத்தார். "ஆனா ஆறாவது வரியில தற்காலிகக் கேபிளைச் சேத்துட்டோம். அப்ப தெற்குப் பக்கத்திலேர்ந்து இந்தப் பஸ்பாருக்குக் கரண்ட் வந்துக்கிட்டேதானே இருக்கும்? மருத்துவமனைக்குப் போறதே அது வழியாத்தான். அங்க கொண்டுபோயி எர்த் மாட்டினா... மாட்டப் போற ஃபோர்மேன் அங்கேயே கரிக்கட்டைக்கா."

அக்கா வரைபடத்தைப் பார்த்தார். ஆறாவது வரியைப் பார்த்தார். இருபத்தொன்பதாவது வரியைப் பார்த்தார். அவன் சொன்னது சரி. கேபிள் அவரே போட்ட திட்டம். ஆறாவது வரியில் அவரே எழுதியிருக்கிறார். ஆறாவது வரியில் தெரிந்தது இருபத்தொன்பதாவது வரியில் தெரியவில்லை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் கேபிள் கிடையாது. அன்றைக்கு அந்தப் பஸ்பார் செத்துக் கிடந்தது, அங்கே எர்த் மாட்டியது சரி. அந்த வரி அப்படியே இங்கே வந்து உட்கார்ந்துவிட்டது. சனிக்கிழமை இரண்டு தடவை படித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு தடவை படித்தார். கண்ணில் படவே இல்லை.

"எப்படிக்கா இதை யோசிச்சு வெச்சீங்க?" சரிக்கா குரலில் நிஜமான மரியாதை இருந்தது. "மேலோட்டமாப் படிச்சா சிக்கவே சிக்காது. பழைய பேப்பரைப் பாத்துக் காப்பியடிக்கிறவங்க பண்ற தப்பு மாதிரியே அச்சு அசலா இருக்கு. எனக்கு நல்லா உறைச்சுதுக்கா. இனிமே படிக்காம போடமாட்டேன், சத்தியமா."

ஒரே ஒரு 'ஆமாம்' போதும். இருபத்தொன்பதாவது வரியை இப்போதே திருத்திவிடலாம். பதினேழு சரியாக இருக்கிற பக்கம் கைப்பையில் இருக்கிறது, அதைச் செருகிவிடலாம். பதினோரு பேரும் புதன்கிழமை பத்திரமாக வீட்டுக்குப் போவார்கள். சரிக்கா நாலு பேரிடம் அக்காவின் சாமர்த்தியத்தைச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவான். இரண்டு வருடம்தான். மாலை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

"ம்" என்றார் அக்கா.

"சரிக்கா. டீ குடிச்சுட்டு வந்துடறேன்." சரிக்கா சந்தோஷமாகக் கதவு வரை போய்விட்டார்.

அக்கா அந்த முதுகைப் பார்த்தார். அடுத்த தாளிலும் ஓர் இருபத்தொன்பது இருக்கும். அதற்கு அடுத்ததிலும் இருக்கும். அவன் தேடுவான், உண்மைதான். ஆனால் அக்கா ஒரு புதிர் போட்டிருப்பதாக நினைத்துத் தேடுவான். ஒன்று கிடைத்ததும் விளையாட்டு முடிந்தது என்று எழுந்துவிடுவான், இதோ இப்போது எழுந்து போகிற மாதிரி.

"நில்லுப்பா."

சரிக்கா திரும்பினார்.

"அது நான் வெச்சது இல்ல."

"என்னக்கா?"

"நான் வெச்சது பதினேழு. எடுத்துப் பாரு. இருபத்தொன்பது என் தப்பு. எனக்கே தெரியாம வந்த தப்பு."

சரிக்கா தாளை எடுத்துப் பதினேழாவது வரியைப் படித்தார். ஐசொலேட்டர் முதலில், பிரேக்கர் அப்புறம். அவர் பிள்ளைகள் படித்தால்கூடக் கண்டுபிடித்துவிடுவார்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணு கிடைச்சதும் நிறுத்திட்டேங்க்கா. இவ்வளவு தூரம் வரவே இல்ல."

"தெரியும்."

அக்கா எல்லாவற்றையும் சொன்னார். இரண்டு மணி நேரம் ஆவது, எட்டாவது வரி மறப்பது, பழைய தாள்கள், டாக்டர், போன மாதத்துப் பூட்டு, ஒன்றையும் விடவில்லை. எழுதி வைத்துப் படிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னார். சொல்லி முடிக்கும்வரை குரல் உடையவில்லை என்பதில் அவருக்கே ஆச்சரியம்.

சரிக்கா மெதுவாகச் சொன்னார். "நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்க்கா. இனி நீங்க எழுதுங்க, நான் ஒழுங்காப் பாக்கறேன். ரெண்டு வருஷம்தானே. வெளிய தெரிய வேண்டாம்."

நல்ல மனது. அதனால்தான் அதை மறுப்பது கஷ்டமாக இருந்தது.

"ஃபோர்மேனைக் கூப்பிடு" என்றார் அக்கா. "நீயும் நானும் காகிதத்துல எழுதுறவங்க. தொடப் போறது அவருதான்."

ஃபோர்மேன் யார்டிலிருந்து வந்தார். ஐம்பத்தைந்து வயது, நெடிய உடம்பு, இடுப்பில் செருகிய ரப்பர் கையுறை. ஏணி மேல் நிற்பவர்களை ஒரு பார்வையில் இறக்கிவிடுகிற மனிதர். அக்கா அவரை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. அக்கா தாளைக் காட்டி, ஆறாவது வரியையும் இருபத்தொன்பதாவது வரியையும் காட்டி, என்ன ஆகியிருக்கும் என்று சொன்னார். எதனால் ஆயிற்று என்றும் சொன்னார். ஃபோர்மேன் கேட்டுக்கொண்டே இருந்தார். இமைகூட அசையவில்லை.

சரிக்காவால் தாங்க முடியவில்லை.

"அப்படியே போயிருந்தாலும் ஒண்ணும் ஆகியிருக்காதுண்ணே. எர்த் மாட்டுறதுக்கு முன்னாடி கரண்ட் இருக்கான்னு டெஸ்டர் கம்பை வெச்சுப் பாப்பீங்க இல்ல? விளக்கு எரிஞ்சிருக்கும், பஸ்ஸர் கத்தியிருக்கும், நீங்க நிறுத்தியிருப்பீங்க. அதுக்குத்தானே அந்த விதியே இருக்கு. இல்லண்ணே?"

ஃபோர்மேன் இடுப்பிலிருந்த கையுறையை உருவி, விரல் விரலாக இழுத்து நேராக்கினார்.

"மத்தவங்க பேப்பர்னா ரெண்டு தடவை வெச்சுப் பாப்பேன்" என்றார்.

"என் பேப்பர்னா?" என்று கேட்டார் அக்கா.

"வெக்கிறதில்லக்கா."

"எத்தனை நாளா?"

"நாளா?" ஃபோர்மேன் முதல் தடவையாக அக்காவை நிமிர்ந்து பார்த்தார். "பதினஞ்சு வருஷம் இருக்கும். கம்பி செத்துருச்சுன்னு அக்கா எழுதிட்டாங்கன்னா அது செத்துருச்சு. நம்ம பசங்களும் அப்படித்தான். நான்தான் பழக்கிவிட்டேன்."

அக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தப்பு செய்துவிட்டோம் என்று தெரிந்தபோதுகூட இவ்வளவு பயம் வரவில்லை. மூளை தளர்வது யாருக்கும் வருவது, டாக்டர் சொன்னார், ஒப்புக்கொள்ளலாம். ஆனால் அவர் தளர்ந்த பிறகும் அவர் பெயர் தளரவில்லை. அது பாட்டுக்கு யார்டில் நடமாடிக்கொண்டு, படிக்கிறவனைப் படிக்காதே என்றும், டெஸ்டரைத் தூக்குகிறவனைத் தூக்காதே என்றும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது. அந்தப் பெயரை நினைத்துத்தான் அவர் இத்தனை காலம் உச்சி குளிர்ந்திருக்கிறார். அழுகை வந்தது. இரண்டு ஆண்கள் முன்னால் அழுவதற்கு அவர் வெட்கப்படவும் இல்லை.

ஃபோர்மேன் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். யாரும் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை.

அன்று மாலையே அக்கா மேலதிகாரியிடம் போய்ச் சொன்னார். அவர் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்துவிட்டு, நாற்பத்தொரு வரித் தாளைக் கிழித்துப் போடச் சொன்னார். செவ்வாய்க்கிழமை முழுவதும் சரிக்காவும் அக்காவும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, பழைய தாள் எதையும் தொடாமல், புதிதாக எழுதினார்கள். சில வரிகளைச் சரிக்கா எழுத அக்கா பார்த்தார், சிலவற்றை அக்கா எழுதச் சரிக்கா பார்த்தார். சரிக்கா மூன்று இடத்தில் "இல்லக்கா" என்றார். அக்கா இரண்டு இடத்தில் அவரைப் பிடித்தார். கேபிள் இருக்கிறது என்று ஒரு சின்னச் சீட்டில் எழுதிக் கண்ணெதிரே ஒட்டிவைத்துக்கொண்டார். மந்தமாகத்தான் போனது. முடியும்போது சாயங்காலம் ஆகிவிட்டது.

யார்டுக்குப் போகிற பிரதியில் 'எழுதியவர்', 'சரிபார்த்தவர்' என்ற இரண்டு இடத்தையும் காலியாக விட வேண்டும் என்று அக்கா கேட்டார். கையெழுத்துப் போட்ட பிரதி அலுவலகத்தில் இருக்கட்டும், யார்டுக்கு வரிகள் மட்டும் போகட்டும். மேலதிகாரி யோசித்துவிட்டுச் சரி என்றார்.

புதன்கிழமை காலை வெயில் ஏறுவதற்கு முன்பே வேலை ஆரம்பித்தது. அக்கா தலையில் ஹெல்மெட்டோடு மஞ்சள் கோட்டுக்கு வெளியே நின்றார். வரி வரியாகப் படிக்கப்பட்டது, சுவிட்சுகள் திறந்தன, பூட்டுகள் விழுந்தன. எர்த் மாட்டுகிற வரி வந்ததும் ஃபோர்மேன் கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, காகிதத்தின் அடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது யாரு எழுதினதுக்கா? நீங்களா, தம்பியா?"

"தெரியாது" என்றார் அக்கா. "வெச்சுப் பாருங்க."

ஃபோர்மேன் எர்த் கம்பியைக் கீழே வைத்துவிட்டு டெஸ்டர் கம்பை எடுத்து வரச் சொன்னார்.